கெட்டியாவது எப்படி? ஒரு வண்டோட்டின் வேதியியல்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டைத் தாண்டினால் வெளிச்சம் குறைந்த சாமான் அறைகள் இருக்கும். கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் வெளியே வரும் அண்டா, தூக்கு, பெட்டகம் எல்லாம் அங்கேதான் அடைந்து கிடக்கும். அப்படி ஓர் அறையைத் திறக்கும்போது எப்போதாவது பால்போல வெளுத்த கரப்பான் ஒன்று கண்ணில் படும். "இது வேற இனம், விஷம் ஜாஸ்தி" என்று அடித்துச் சொல்லும் ஆச்சிகள் உண்டு. வேறு இனமெல்லாம் இல்லை. நோயும் இல்லை. சற்று முன் சட்டை உரித்த சாதாரண வீட்டுக் கரப்பான்தான் அது. அடிக்காமல் விட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் வழக்கமான பழுப்பு நிறத்தில், வழக்கமான கெட்டித்தன்மையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

வெளியிலிருந்து எதையும் பூசிக்கொள்ளாமல், வெயிலில் காயாமல், இருட்டு அறையில் இருந்தபடியே ஓர் உயிர் தன் மேலுறையைக் கெட்டியாக்கிக்கொள்கிறது. எப்படி? "பூச்சியின் புறக்கூடு கைட்டினால் ஆனது" என்று பள்ளிப் பாடம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் எருக்குழியைக் கிளறினால் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பார்த்திருப்பார்கள். காண்டாமிருக வண்டின் இளம்பருவம் அவை. விரலால் அழுத்தினால் உடல் பிதுங்கும். தலை மட்டும் செம்பழுப்பாக, கல் மாதிரி இருக்கும். அந்தப் பிதுங்கும் தோலிலும் கைட்டின் உண்டு, அந்தத் தலையிலும் கைட்டின் உண்டு. பின்னால் அதே புழு கொம்போடு கறுத்த வண்டாகி வரும்போது அதன் முதுகு ஓட்டிலும் இருப்பது கைட்டின்தான். மூன்றுக்கும் பொதுவான ஒன்றை வைத்து மூன்றின் வேறுபாட்டை விளக்க முடியாது.

கைட்டினுக்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். 1823-ல் ஓடியே (Odier) என்ற பிரெஞ்சுக்காரர் வண்டுகளின் முன்னிறக்கை ஓடுகளைக் காரக் கரைசலில் காய்ச்சி, எஞ்சி நின்ற பொருளைத் தனியாக அடையாளம் கண்டார். அது சர்க்கரை வகை. குளுக்கோஸிலிருந்து உருவாகும், நைட்ரஜன் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூறு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாகிறது. பூச்சியின் ஓட்டுக்கு அடியில் ஒரே ஒரு வரிசையாகத் தோல் செல்கள் உள்ளன. அந்தச் செல்களின் மேல் சவ்வில் பதிந்திருக்கும் நொதி, சங்கிலியை உள்ளே கோத்து வெளியே தள்ளுகிறது. வெளியே வந்த சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, சுமார் 3 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகின்றன. இழைகள் ஒரு தளத்தில் ஒரே திசையில் படுக்கின்றன. அடுத்த தளம் சற்றே திரும்பிப் படுக்கிறது, அதற்கடுத்தது இன்னும் சற்று. இந்தச் சுழல் அடுக்கைத் தெளிவாக விளக்கியவர் பிரான்ஸின் இவ் பூலிகான். ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தால், தளத்துக்குத் தளம் திசை மாறுவதால் அது நேராக ஓட முடியாமல் திரும்பித் திரும்பிப் போய்ச் சோர்ந்துவிடும்.

இழை இழுவையைத் தாங்கும். ஆனால் அழுத்தினால் மடங்கும். இழைகளுக்கு நடுவே நிரம்பியிருக்கும் புரதங்கள்தான் ஓட்டின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு பூச்சியின் மரபணுத் தொகுதியில் ஓட்டுப் புரதங்களுக்கென்றே நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதைப் பல இனங்களில் கண்டிருக்கிறார்கள். கைட்டினைப் பற்றிக்கொள்ளும் பகுதி அவற்றில் பலவற்றுக்கும் பொது. அந்தப் பொதுப் பகுதியை 1988-ல் ரீபர்ஸ், ரிடிஃபோர்ட் இருவரும் சுட்டிக்காட்டினார்கள். அதில் ஒரு வகை பெரும்பாலும் மெத்தென்ற இடங்களிலும், இன்னொரு வகை கெட்டியான இடங்களிலும் வருகிறது. புழுவின் தோலுக்கும் தலைக்குமான வேறுபாடு இங்கே தொடங்குகிறது.

கைட்டின் இல்லாமலே கெட்டிப்பட முடியும் என்பதற்குச் சாட்சியும் அதே சாமான் அறையில் இருக்கிறது. பட்டுப்புடவைப் பெட்டியின் மூலையில் ஒட்டிக் கிடக்கும் செம்பழுப்பு நிறக் கரப்பான் முட்டைப்பையைப் பிய்த்துப் பார்த்தவர்களுக்கு அதன் உறுதி தெரியும். அதில் கைட்டின் கிடையாது. ஏறக்குறைய முழுக்கப் புரதம். தாய்க் கரப்பானின் வயிற்றிலிருந்து வரும்போது வெள்ளையாக, நெகிழ்வாக இருந்து, பிறகு சிவந்து இறுகுகிறது. 1940-ல் இங்கிலாந்தில் மார்க் பிரையர் இந்த முட்டைப்பையை வைத்துத்தான் பூச்சி ஓட்டின் ரகசியத்தைப் பிடித்தார். குயினோன் என்ற வேதிப்பொருள் புரதச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து ஒன்றோடு ஒன்றைப் பிணைக்கிறது என்றார் அவர். இந்த நூறாண்டுக்குள் பூச்சியியலில் நடந்த மிக அழகான ஊகங்களில் ஒன்று இது என்பேன். முட்டைப்பையில் தொடங்கி ஓட்டுக்குப் போனார். அடிப்படை சரியாகவே இருந்தது.

செட்டிநாட்டுச் செம்மண் மேடுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையை ஊறவைத்துத்தான் நம் பக்கம் தோல் பதனிட்டார்கள். திண்டுக்கல் தொழில் வளர்ந்ததே அதனால். அழுகிப்போகவேண்டிய ஆட்டுத்தோலைப் பட்டைச் சாறு காலத்துக்கும் நிற்கும் தோலாக்குகிறது. பட்டையிலுள்ள பொருள் தோலின் புரதங்களைப் பற்றிக்கொள்வதே காரணம். பூச்சி செய்வதும் பதனிடுதல்தான். ஆனால் தொட்டியும் பட்டையும் வெளியே இல்லை, எல்லாம் அதன் உடம்புக்குள் இருக்கின்றன. பிணைப்பும் ஆவாரை தருவதைவிடப் பலமானது. அணுவோடு அணு நேரடியாகக் கோத்துக்கொள்வதால் அதைத் திரும்ப அவிழ்க்க முடியாது.

அந்தப் பதனிடும் பொருள் உருவாகும் பாதை இது. தொடக்கம் டைரோசின் என்ற அமினோ அமிலம். ஒரு நொதி அதை டோபாவாக்குகிறது, இன்னொன்று டோபமினாக்குகிறது. ஆம், நம் மூளையில் ஓடும் அதே டோபமின்தான். அதோடு ஓர் அசிட்டைல் துண்டோ பீட்டா அலனின் துண்டோ ஒட்டப்படுகிறது. இந்த அசிட்டைல் டோபமினை ஈக்களில் 1962-ல் கார்ல்சன், செக்கெரிஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். இப்படித் தயாரான மூலக்கூறு செல்லைவிட்டு ஓட்டுக்குள் கசிகிறது. அங்கே ஒரு நொதி காத்திருக்கிறது. ஆக்சிஜனைக்கொண்டு அந்த மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக் குயினோனாக்குவது அதன் வேலை. குயினோனுக்கு அமைதி கிடையாது. பக்கத்தில் புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அகப்பட்டால் போதும், பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு கை ஒரு புரதத்தையும் மறு கை இன்னொரு புரதத்தையும் பிடித்துவிட்டால் இரண்டும் அதன்பின் விலக வழியில்லை.

அந்த நொதி எது என்பதில் வெகுகாலம் இழுபறி இருந்தது. முடிவு கட்டியது ஒரு மாவு வண்டு. தேன்குழலுக்கும் சீடைக்கும் அரைத்துவைத்த மாவு நாள்பட்டால், செக்கச்செவேலென்று எள்ளளவு வண்டுகள் அதில் ஊரும். மாவில் ஒரு மாதிரி வாடையும் ஏறியிருக்கும். சமையலறையில் சனியன், ஆய்வகத்தில் செல்லப்பிள்ளை. 2005-ல் அமெரிக்காவின் கான்சாஸில் அரகானே, சுப்பரத்தினம் முத்துகிருஷ்ணன் முதலியோர் இந்த வண்டில் லாக்கேஸ்-2 என்ற நொதியின் மரபணுவை மட்டும் செயலிழக்கவைத்தார்கள். வண்டு வளர்ந்தது, உருமாறியது. ஆனால் வெளுப்பாகவே, மெத்தென்றே இருந்து செத்தது. கைட்டின் இருந்தது, புரதம் இருந்தது, பிணைப்பு இல்லை.

லாக்கேஸின் நடுவில் செம்பு அணுக்கள் நான்கு. காற்றின் ஆக்சிஜனை வேலை வாங்குபவை அவை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில், ஆக்சிஜன் உலோகத்தை எப்படி அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று தலைமுறையாக ஆராய்கிறார்கள். அதே ஊர்க் கரப்பானோ ஆக்சிஜனை வைத்துத்தான் தன் கவசத்தை இறுக்குகிறது.

பிணைப்போடு இன்னொன்றும் நடக்கிறது. நீர் வெளியேறுகிறது. புதிய ஓட்டில் நீர் நிறைய. குயினோன்கள் புகுந்து புரதங்கள் நெருங்க நெருங்க நீருக்கு இடமில்லாமல் போகிறது. 1979-ல் வின்சென்ட், ஹில்லெர்டன் இருவரும், கெட்டித்தன்மைக்கு முக்கியக் காரணம் நீர் வெளியேறுவதுதான், குறுக்குப் பிணைப்புக்குக் கொடுக்கும் புகழ் கொஞ்சம் அதிகம் என்று வாதிட்டார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். பிணைப்பு நடந்தால்தான் நீர் திரும்ப உள்ளே வராமல் இருக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே ஓட்டைக் கெட்டியாக்குகின்றன என்று கொள்வதே நியாயம்.

கறுப்பாக இருந்தால் கெட்டி என்று நினைத்துவிடக்கூடாது. நிறம் வேறு கணக்கு. பீட்டா அலனின் ஒட்டிய டோபமின் பழுப்பைத் தருகிறது. அசிட்டைல் ஒட்டியது ஏறக்குறைய நிறமில்லாமலே கெட்டிப்படுத்தும். எதுவும் ஒட்டாத டோபமின் மிஞ்சினால் மெலனினாகிக் கறுக்கும். மாவு வண்டிலேயே பீட்டா அலனின் தயாரிக்க முடியாத திரிபு ஒன்று உண்டு, உடல் முழுக்கக் கறுப்பு. பொன்வண்டின் கதை இன்னொரு விதம். தீப்பெட்டிக்குள் இலையைப் போட்டுப் பிள்ளைகள் வளர்க்கும் அந்த வண்டின் பச்சை எந்தச் சாயத்தாலும் வந்ததல்ல. ஓட்டின் மேற்பகுதியில் மிக மெல்லிய தளங்கள் அடுக்கடுக்காக உள்ளன; ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்வதில் பிறக்கும் நிறம் அது. அதனால்தான் வண்டு செத்து ஆண்டுகள் போனாலும் இறக்கை ஓடு வெளுப்பதில்லை. அந்த ஓடுகளைத் துணியில் வைத்துத் தைத்த வேலைப்பாடுகள் இன்றும் மின்னுகின்றன.

சரி, இவ்வளவு உறுதியான, அவிழ்க்கவே முடியாத சட்டைக்குள் இருந்துகொண்டு வளர்வது எப்படி? வளர முடியாது. அதனால்தான் உரிக்கவேண்டியிருக்கிறது. எக்டைசோன் என்ற ஹார்மோன் உடலில் ஏறியதும் தோல் செல்கள் பழைய ஓட்டிலிருந்து விலகுகின்றன. இந்த ஹார்மோனை 1954-ல் ஜெர்மனியில் பூட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் பிரித்தெடுத்தபோது, சுமார் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். விலகிய இடைவெளியில் செல்கள் நொதிக் கரைசலைச் சுரக்கின்றன. அது பழைய ஓட்டின் உள்பகுதியைக் கரைக்கிறது. கரைந்த சர்க்கரையும் அமினோ அமிலங்களும் திரும்ப உறிஞ்சப்பட்டுப் புதிய ஓட்டுக்குப் போகின்றன. வெளிப்பகுதியைக் கரைக்க முடிவதில்லை, அங்கேதான் பிணைப்புகள் இறுகியிருக்கின்றன. மரப்பட்டையில் சிள்வண்டு விட்டுப்போகும் கூடும், ஊருணிக் கரைக் கோரையில் தட்டான் விட்டுப்போகும் கூடும் அந்த மிச்சம்தான். கூட்டின் முதுகுப் பிளவுக்குள் வெள்ளை நூல்கள் தொங்கும். மூச்சுக்குழல்களின் உள்ளுறை அவை. பூச்சி தன் மூச்சுக்குழலின் சட்டையையும் உரித்தாகவேண்டும். கரப்பானோ உரித்த சட்டையையும் தின்றுவிடும், வீணாக்காது.

வெளியே வந்ததும் காற்றை விழுங்கி உடம்பை உப்பவைத்து, கசங்கிய புதிய ஓட்டைப் பெரிதாக்குகிறது. இந்த வேலை முடிந்த பிறகே கெட்டிப்பட வேண்டும். முந்தினால் சுருங்கிய உருவிலேயே இறுகி, பறக்கமுடியாத முடமாகிவிடும். பிந்தினால் எறும்புக்கும் பல்லிக்கும் தீனி. இந்த நேரக் கட்டுப்பாட்டைக் காட்டியவர்கள் ஃப்ரெங்கெல், ஷியாவ். இறைச்சியில் மொய்க்கும் நீல ஈ மண்ணுக்குள்ளிருந்து கிளறிக்கொண்டு மேலே வரும்வரை அதன் ஓடு இறுகுவதே இல்லை; எவ்வளவு நேரம் மண்ணில் சிக்கினாலும் தள்ளிப்போடும். மேலே வந்த ஈயின் கழுத்தை உடனே நூலால் இறுக்கிக் கட்டினால் உடம்பு வெளுத்தே நிற்கும். அப்படி நிற்கும் ஈக்கு, இறுகத் தொடங்கிய வேறொரு ஈயின் இரத்தத்தைச் செலுத்தினால் அதுவும் பழுப்பேறும். நரம்பு மண்டலத்திலிருந்து இரத்தத்தில் வரும் ஒரு ஹார்மோன்தான் ஆணையிடுகிறது என்று 1962-ல் சொன்னார்கள். பர்சிகான் என்று அழைக்கப்படும் அது இரண்டு புரதங்கள் இணைந்தது என்று தெரிய மேலும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காண்டாமிருக வண்டு இன்னும் நிதானம். உருமாறிய பிறகும் மண்ணுக்குள் கூட்டறையிலேயே இரண்டு மூன்று வாரம் இருந்து, இறுகி, பிறகுதான் தென்னையின் குருத்தைத் தேடி வருகிறது.

எல்லா இடமும் இறுகிவிடுவதும் இல்லை. கால் மூட்டு, வயிற்று வளையங்களின் நடுப்பகுதி எல்லாம் கடைசிவரை மெத்தென்றே இருக்கும். தட்டான், வெட்டுக்கிளிகளின் இறக்கை அடியில் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தை 1960-ல் வைஸ்-ஃபோ கண்டார். இழுத்து விட்டால் உள்ளே போன ஆற்றலில் 96, 97 சதவீதம் திரும்பி வரும். அதிலும் பிணைப்பு டைரோசின்தான், ஆனால் டைரோசினோடு டைரோசின் நேராகக் கோத்தது. மறுபக்கம், கடிக்கும் தாடையின் விளிம்பில் பல பூச்சிகள் துத்தநாகமோ மாங்கனீசோ சேர்த்துக்கொள்கின்றன. காய்ந்த மரத்தைத் தின்னும் சிலவகைக் கறையான்களின் தாடையில் துத்தநாகம் உண்டு; வெளுத்து மெலிந்த அந்த உடம்பு உத்தரத்தையே அரிப்பது அதனால்தான். பர்மாத் தேக்கை விலை கொடுத்து வாங்கிப் போட்டவர்கள் அறிவாளிகள்.

டைரோசின் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு இந்த முழுக் கதையிலும் சுவையான பகுதி அதுதான். பூச்சியால் டைரோசினை அடியிலிருந்து தயாரிக்க முடியாது. தின்பதிலிருந்து பெற வேண்டும், அல்லது தின்பதில் உள்ள ஃபீனைல் அலனினை மாற்றிக்கொள்ள வேண்டும். அரிசி வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நீண்ட அந்தச் சிறு வண்டின் புழு முழு வாழ்க்கையையும் ஒரே அரிசி மணிக்குள் கழிக்கிறது. மணி நிறைய மாவுச்சத்து; ஓட்டுக்கு வேண்டிய அமினோ அமிலம் கொஞ்சம். அத்தனை இறுக்கமான ஓடு எப்படி வந்தது? உடலுக்குள் தனிச் செல்களில் ஒரு பாக்டீரியாவைக் குடிவைத்திருக்கிறது. வண்டாக உருமாறி ஓடு உருவாகும் நாட்களில் பாக்டீரியாக்கள் பெருகி, தேவையான அமினோ அமிலங்களைத் தருகின்றன. ஓடு முடிந்ததும் வண்டு தன் குடியாளிகளையே செரித்து அழித்துவிடுகிறது. இதை 2014-ல் பிரான்சின் லியோன் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மருந்து கொடுத்து பாக்டீரியாவை முன்பே நீக்கிவிட்டால் வண்டு உயிர்வாழும். ஆனால் ஓடு வெளிர்ச் சிவப்பாக, மெலிந்து இருக்கும்.

தென்னையையும் பனையையும் உள்ளே குடைந்து சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டு இதிலும் ஒரு படி மேலே. அதனுள் வாழும் நார்டொனெல்லா என்ற பாக்டீரியா காலப்போக்கில் தன் மரபணுக்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே குறிப்பிடத்தக்க தொழில் டைரோசின் தயாரிப்பு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-ல் இதை வெளியிட்டார்கள். கூன்வண்டு வகை ஒன்றில் அந்தப் பாக்டீரியாவைக் குறைத்தபோது இறக்கை ஓடு சிவந்து, மெலிந்து, நெளிந்து போனது.

ஓட்டின் உச்சியில், ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத தடிமனில், மெழுகு பூசியிருக்கிறது. இத்தனூண்டு உடம்பில் நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது அதுதான். கெட்டித்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதும், பயற்றோடு சாம்பலைக் கலந்து வைப்பதும் தென்பாண்டிச் சீமையில் பழைய வழக்கம். அதில் வேலை செய்யும் காரணங்களில் ஒன்று இந்த மெழுகு. நுண்தூசி மெழுகைச் சுரண்டிவிட்டால் பூச்சி உலர்ந்து செத்துவிடும் என்று 1945-ல் விகிள்ஸ்வொர்த் காட்டினார். மழைக்காலத்தில் இது சரியாக வேலை செய்யாததும் அதனால்தான், காற்றிலேயே ஈரம் இருந்தால் உலர்வது எங்கே?

பூச்சியை அடக்க நினைப்பவர்களுக்கு இதிலெல்லாம் பிடிமானம் உண்டு. எருக்குழிக்குப் பரிந்துரைக்கப்படும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை, ஓட்டில் ஒட்டி முளைவிட்டதும் முதலில் சுரப்பது புரதத்தை உடைக்கும் நொதிகளை. கைட்டினை உடைக்கும் நொதி பின்னால்தான் வருகிறது, ஏனென்றால் புரதத்தை நீக்காமல் கைட்டின் கையில் சிக்காது. நடுவில் புழு சட்டை உரித்துவிட்டால் முளைத்த பூஞ்சையும் சட்டையோடு போய்விடும் என்பது வேறு விஷயம். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் எக்டைசோன் சுரப்பைக் குலைக்கிறது. புழு உடனே சாகாது, தின்னாமல், உரிக்கவும் முடியாமல் தேங்கும். தெளித்த மறுநாள் போய்ப் பார்த்து "வேம்பு கேக்கலை" என்று சொல்வது அவசரம்.

கைட்டின் உருவாவதையே தடுக்கும் மருந்துகளும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் களைக்கொல்லி தேடப்போய் எதிர்பாராமல் சிக்கிய குடும்பம் அது. டைஃப்ளுபென்சூரான் அதில் வந்தது. வேறொரு வகையான புப்ரோஃபெசினை நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்குத் தெளிக்கிறார்கள். சிறகு முளைக்காத குஞ்சுகள் அடுத்த உரிப்பில் மாட்டிச் சாகும். ஓடு முடிந்த தாய்ப் புகையானை அது கொல்லாது, அதனால் தூரில் சிறகுள்ளவை மட்டும் திரண்டிருக்கும் நேரத்தில் தெளித்தால் காசுக்குப் பிடித்த கேடு. மனிதனுக்கும் மாட்டுக்கும் கைட்டின் ஓடு இல்லாததால் இந்த மருந்துகளின் நச்சு நமக்குக் குறைவு என்பது உண்மை. கண்மாயில் வாழும் நண்டுக்கும் இறாலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அவையும் கைட்டின் கட்டுபவை, அவையும் சட்டை உரிப்பவை. டைஃப்ளுபென்சூரான் அவற்றுக்குக் கடும் நஞ்சு. தெளித்த வயலின் தண்ணீரைக் கண்மாய்க்குத் திருப்பக்கூடாது, தெளிப்பானையும் அங்கே கழுவக்கூடாது.